திருநீறு குறையும் வீடு

கிண்ணத்துக்குள் விரலை விட்ட நமச்சிவாயத்துக்குத் திருநீறு தட்டுப்படவில்லை. பித்தளைதான் தட்டுப்பட்டது.

“ஏ பாலம்மா! மறுபடியும் காலி. ஞாயித்துக்கிழமைதானே ரொப்புனேன்?”

“நீங்க பூசுத பூச்சுக்கு ஒரு சுவரு வெள்ளையடிச்சிரலாம்” என்றாள் அவர் மனைவி அடுப்படியிலிருந்து. “நெத்தி, நெஞ்சு, தோளு, கையின்னு பூசுனா குறையாம என்ன செய்யும்?”

“நாப்பது வருசமா இதே நெத்திதானே? நெத்தியா வளந்துட்டு?”

“வளந்துதான் இருக்கு. முடி பின்னால போயிட்டுல்லா.”

அடுத்த அறையில் மருமகள் ராஜி என்கிற ராஜராஜேஸ்வரி புறங்கையால் உதட்டை அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்பதாவது மாதம். கல்லிடைக்குறிச்சியில் அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால், பிரசவம் திருநெல்வேலி டவுனில் மாமனார் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. மாங்காய் கேட்டால் மாங்காய், அல்வா கேட்டால் அல்வா என்று வீடே அவளைத் தாங்கியது. ஆனால் அவள் நாக்கு கேட்டது மாங்காயும் இல்லை, அல்வாவும் இல்லை. ஒருநாள் திருநீறு பூசிவிட்டு விரலில் மிச்சம் இருந்ததைச் சும்மா வாயில் போட்டாள். மழை விழுந்த மண்ணையே நாக்கில் வைத்தது போல இருந்தது. மறுநாள் ஒரு சிட்டிகை. அதற்கு மறுநாள் இரண்டு.

குளிக்காமல் பூஜையறை வாசலைக்கூட மிதிக்காத குடும்பம். நெற்றியில் பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மாமனார். ‘எனக்குத் திருநீறு வேணும் அத்தை, பூசுததுக்கு இல்ல, திங்குததுக்கு’ என்று எந்த வாயால் கேட்பாள்? பிள்ளை நெற்றியில் பட்டையோடேயே பிறந்துவிடுமோ என்று வேறு பயமாக இருந்தது.

மாமனார் காலிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வெறும் நெற்றியோடு நின்றதைப் பார்க்க அவளுக்கு மனசு ஆறவில்லை. அவர் பூப்பறிக்கப் போன நேரம் பார்த்து அடுப்படிக்குப் போனாள். கொழுக்கட்டைக்கு இடித்து வைத்திருந்த பச்சரிசி மாவு வெள்ளை வெளேர் என்று இருந்தது. இரண்டு கரண்டி அள்ளிக் கிண்ணத்தில் போட்டுத் தட்டிச் சமப்படுத்தினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூவோடு வந்த நமச்சிவாயம் கிண்ணத்தைப் பார்த்தார். பாலம்மாள்தான் நிரப்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். தண்ணீர் விட்டுக் குழைத்து நெற்றியில் மூன்று விரலால் இழுத்தார். என்றைக்கும் இல்லாமல் அன்று பட்டை பளிச்சென்று நின்றது. காய்ந்ததும் புருவத்தைத் தூக்க முடியவில்லை. அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். பாலம்மாள் மோர் கொண்டுவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏங்க! அசையாதீங்க. ஏலே கணேசு, இங்கன ஓடியா!”

ராஜியின் புருஷன் கணேஷ்ராம் ஓடிவந்தான். அப்பாவின் நெற்றியில் மூன்று கோடாக, ஒன்றின் பின் ஒன்றாக, கறுப்பு எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. கோட்டை விட்டு ஓர் எறும்புகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகவில்லை.

“பிள்ளையார் எறும்பு” என்றாள் பாலம்மாள் மெதுவாக. கடிக்காத அந்த எறும்புக்கு அதுதான் பெயர்.

நமச்சிவாயம் கண்ணை மட்டும் திறந்தார். “திருவெறும்பூர்ல தேவர்களே எறும்பா வந்து கும்பிட்டாக. இங்க பிள்ளையாரே அப்பன் திருநீறத் தேடி வந்திருக்காரு. பாலம்மா, கிண்ணம் ஏன் குறையுதுன்னு இப்பம்லா வெளங்குது! நம்ம வீட்டுத் திருநீற சாமியே எடுத்துப் பூசிக்கிடுதாரு!”

கணேஷ்ராம் போனில் படம் எடுத்தான். சொந்தக்காரர்கள் குழுவில் போட்டான். அங்கிருந்து அது தெருவுக்குப் போய், தெருவிலிருந்து ஊருக்குப் போயிற்று.

கதவுக்குப் பின்னால் நின்ற ராஜிக்கு வயிற்றில் பிள்ளை உதைத்தது. தன்னைத்தான் உதைக்கிறது என்று பட்டது.

மாடியில் குடியிருந்தவள் ரெனிஷா. மணப்பாட்டுக்காரி, கிறிஸ்தவப் பெண். புருஷன் ஜெர்வினுக்குக் கப்பலில் வேலை. அவளுக்கும் இதே மாதம்தான் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். மத்தியானம் ஆனால் இறங்கி வந்துவிடுவாள். பூஜையறை வாசலில்தான் தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று இருவரும் அங்கேயே காலை நீட்டி உட்காருவார்கள். ராஜி கூப்பிடுகிற மாதிரியே அவளும் பெரியவர்களை மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

“அக்கா, மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது. ஒருச்சாச்சுப் படுத்தா இடுப்பு போகுது. உக்காந்துக்கிட்டே ஒறங்க முடியுமா?”

“ஒறங்கலாம். அதுக்குள்ள ஒண்ணுக்கு வந்துருமே.”

அது உண்மைதான். அரைமணிக்கு ஒருதரம் இரண்டு பேரில் ஒருத்தி சுவரைப் பிடித்து எழுந்து குளியலறைக்குப் போவாள். ரெனிஷா போகிற நேரம்தான் ராஜிக்கு வசதி. எட்டி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவள் வருவதற்குள் முழுங்கிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாள். பெஞ்சு நிறைய வயிறு. டாக்டர் வரும்வரை அவரவர் பாடு.

“காலு வீங்கி எங்க வீட்டுக்காரரு செருப்பப் போட்டுட்டு வந்திருக்கேன்” என்றாள் ஒருத்தி.

“ஒனக்குச் செருப்பு. எனக்குத் தும்முததுக்கே பயமா இருக்கு. தும்முனா சேலை மாத்தணும்.”

பெஞ்சே சிரித்தது. சிரித்ததில் இரண்டு பேர் அவசரமாக எழுந்து போனார்கள்.

முத்துராணி என்று ஒரு சின்னப் பெண். அவள் மட்டும் சிரிக்கவில்லை. “எனக்குப் பிள்ளை திரும்பாம இருக்குன்னு சொல்லுதாக. பெரியாஸ்பத்திரிக்குப் போகணுமாம். கீறிருவாகளோன்னு பயமா இருக்கு. எங்கக்கா அடுப்புச் சாம்பல அள்ளித் திம்பா. அவளுக்கு எல்லாம் சுகமாத்தான் ஆச்சு.”

“சாம்பலையா? அய்யே!” என்றாள் ராஜி வேகமாக.

“சீ! மனுசி திம்பாளா அத?” என்றாள் ரெனிஷா அதைவிட வேகமாக.

கேட்டுக்கொண்டே வந்த நர்சம்மா நின்றார். “மண்ணு, சாம்பல், சிலேட்டுக்குச்சி யாராச்சும் திங்கியளா? வெக்கப்படாம கையத் தூக்குங்க. ரத்தம் கம்மியா இருந்தா நாக்கு அப்படித்தான் கேக்கும். மாத்திரையில சரியாயிரும்.”

ராஜியின் கை மடியிலிருந்து கிளம்பிவிட்டது. பக்கத்தில் ரெனிஷா இருக்கிறாளே என்ற நினைப்பு வந்ததும், கை காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கியது. ரெனிஷாவும் அந்த நேரம் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். சொல்லாத வெட்கம் ஆட்டோவில் அவளோடேயே ஏறி வீடு வந்து சேர்ந்தது.

வீட்டில் நமச்சிவாயம் திருச்செந்தூரிலிருந்து பன்னீர் இலைத் திருநீறு வரவழைத்திருந்தார். பிரதோஷத்துக்கு முந்தின நாள் காலையில் அரிசி மாவு என்று தெரியாமலேயே பழையதைத் தென்னைமரத்து மூட்டில் தட்டிவிட்டு, புதுத் திருநீற்றைக் கிண்ணத்தில் கோபுரமாகக் குவித்தார். மேலே ஒரு செம்பருத்திப் பூ வைத்தார்.

“இன்னைக்கு யாரும் இதத் தொடக் கூடாது. சாமி எடுக்காரான்னு பாப்போம்.”

ராஜி மனசுக்குள் சத்தியம் பண்ணினாள். இன்று நாக்கு அறுந்து விழுந்தாலும் தொட மாட்டேன். இப்படியே குறையாமல் இருந்தால் மாமாவும் அதிசயத்தை மறந்துவிடுவார். மத்தியானம் ரெனிஷாவோடு உட்கார்ந்திருந்தபோது எச்சில் ஊறியது. ஊற ஊற முழுங்கினாள். அவள் எழுந்து போனபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிவபுராணம் சொன்னாள். தானும் எழுந்து எழுந்து குளியலறைக்குப் போய் வந்தாள். தொடவேயில்லை.

சாயங்காலம் விளக்கேற்றப் போன பாலம்மாள் கூப்பிட்டாள். கோபுரத்தில் பாதியைக் காணோம். செம்பருத்திப் பூ பள்ளத்தில் கிடந்தது.

நமச்சிவாயம் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். ராஜி கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். தொடவில்லையே! மத்தியானம் ஒரு கண் அயர்ந்தேனே, அந்த உறக்கத்தில் எழுந்து தின்றுவிட்டேனா? தெரிந்து தின்றது போய்த் தெரியாமலும் தின்ன ஆரம்பித்துவிட்டேனா? தன் கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

மறுநாள் பிரதோஷம். சாயங்காலம் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கடைத்தெருத் தளவாய் அண்ணாச்சி கிண்ணம் வைக்க வெள்ளித் தாம்பாளம் கொண்டுவந்து நமச்சிவாயத்திடம் நீட்டினார்.

“அண்ணாச்சி, இந்த எறும்பு சாதாரண எறும்பு இல்லவே. நான் படத்தப் பெருசு பண்ணிப் பாத்தேன். ஒண்ணு அப்படியே தும்பிக்கையத் தூக்குது!”

“எல்லாம் அவன் செயல்” என்றார் நமச்சிவாயம். கூட்டத்துக்கு நடுவே அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க ராஜி தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டாள். ரெனிஷா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு பெண் பைய உள்ளே வந்தாள். முத்துராணி!

“மாமா, படத்தப் பாத்துட்டு வந்தேன். எனக்குப் பிள்ளை திரும்பல. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காக. இந்தத் திருநீற வயித்துல பூசிட்டுக் கொஞ்சம் உள்ளுக்கும் எடுத்துக்கிட்டா பிள்ளை திரும்பிரும்லா? நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். எனக்குச் சாமி போதும்.”

நமச்சிவாயம் கிண்ணத்தை எடுத்தார். முத்துராணி முந்தானையை ஏந்தினாள்.

“குடுக்காதீங்க மாமா!”

கூடம் திரும்பிப் பார்த்தது. ராஜி தூணை விட்டு வந்துவிட்டாள். இனி திரும்பிப் போக வழியில்லை.

“சாமி எடுக்கல மாமா. நான்தான் எடுத்தேன்.”

“பூசுனியாம்மா? அதுக்கென்ன...”

“பூசல. தின்னேன்.”

யாரோ வைத்திருந்த மணி தானாக ஒருதரம் அடித்து நின்றது.

“தினம் தின்னேன். ரத்தம் கம்மியா இருந்தா நாக்கு இப்படிக் கேக்கும்னு நர்சம்மா சொன்னாக, அப்பவும் நான் கையத் தூக்கல. காலியானது தெரியக் கூடாதுன்னு அரிசி மாவ வச்சேன். அதான் எறும்பு வந்துச்சு. நான் பாவி மாமா.” முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அரிசி மாவா!” என்றார் தளவாய்.

“கொழுக்கட்டை மாவு” என்றாள் ராஜி, அழுகைக்கு நடுவே.

நமச்சிவாயத்தின் கை நெற்றிக்குப் போனது. ஊருக்கு முன்னால் அவர் நெற்றி வேர்த்தது. காது மடல் சிவந்தது. தாம்பாளத்தை எடுத்துக்கொள்வதா விடுவதா என்று தெரியாமல் தளவாய் கூரையைப் பார்த்தார்.

பாலம்மாள்தான் முதலில் அசைந்தாள். மருமகளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “ஏட்டி, இதுக்கா அழுத? கணேசு வயித்துல இருக்கச்சில இந்தா இந்தச் சுவத்துச் சுண்ணாம்பச் சொரண்டித் தின்னவ நான். மாமனாரு பல்லி சொரண்டுதுன்னு பல்லிய வெரட்டுனாரு. நானும் வாயத் தொறக்கல. அன்னைக்கே நான் சொல்லியிருந்தா இன்னைக்கு நீ சொல்லியிருப்ப.”

நமச்சிவாயம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “வீட்டுப் பிள்ளைக்கு ரத்தம் இல்லைன்னு சாமி தினம் சொல்லியிருக்காரு. நான் மாத்திரை வாங்கித் தராம எறும்பக் கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். வெக்கப்பட வேண்டியவன் நான்தாம்மா.” பிறகு முத்துராணியின் நெற்றியில் மட்டும் ஒரு கீற்றுப் பூசினார். “இது ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குத் தைரியம். காலையில நானே ஆட்டோ கொண்டாரேன். நானும் அத்தையும் கூட வாரோம். என்னா?”

முத்துராணி தலையாட்டினாள். கூட்டம் மூச்சு விட்டது. எழுந்து போகலாம் என்று ஒவ்வொருவராக அசைந்தபோது, நமச்சிவாயத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“ஏம்மா, நேத்து குமிச்சு வச்சேனே, அந்தத் திருச்செந்தூர்த் திருநீறு பூராவுமா தின்ன?”

ராஜி கண்ணைத் துடைத்தாள். “நேத்து நான் தொடவேயில்ல மாமா. சத்தியமா. மத்த நாளும் ஒரு சிட்டிகை, ரெண்டு சிட்டிகைதான். அதுக்கு ஏன் இம்புட்டுக் குறையுதுன்னு எனக்கே தெரியல.”

தளவாய் அண்ணாச்சியின் கைகள் பைய மேலே எழுந்து தலைக்கு மேல் குவிந்தன.

“நான் அப்பமே சொன்னேம்லா! சிவசிவா! அப்பம் மீதிய எடுக்குதது...”

ராஜியின் முழங்கையைப் பிடித்திருந்த கை நழுவியது. ரெனிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் என்ன செய்ய மாமா? எங்களுக்குச் சாம்பல் பூசுத விபூதிப் புதன் வருசத்துக்கு ஒரு நாளுதானே வருது!”