என் கேரம் அறை கட்டிய கதை

ஒரு மனிதனுக்குத் தன் சொந்த வீட்டில் உட்கார ஓர் இடம் வேண்டும். இது பேராசையா? நீங்களே சொல்லுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, செப்டம்பர் கடைசி ஞாயிறு. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு ஹாலில், கையில் பேப்பரோடு நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார வழியில்லை. சோபாவில் பட்டர் கேக் ஆறிக்கொண்டிருந்தது. என் சாய்வு நாற்காலியில் பிஸ்கட் தட்டுகள் மூன்று. சாப்பாட்டு மேசையை ஓவன் பிடித்துக்கொண்டது. படுக்கையறைக்குப் போனால், கட்டிலில் என் பக்கத்தில் முந்திரி பிஸ்கட் போர்வை போர்த்திப் படுத்திருக்கிறது!

சுவரில் ஒரு வெளிநாட்டுக் காலண்டர் தொங்கியது. அதில் இலையுதிர் காலமாம், மரமெல்லாம் சிவந்து இலை கொட்டுகிறது. எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் கொட்டுவது கோதுமை மாவு. தீபாவளி நெருங்க நெருங்க என் மனைவி நல்லம்மாளும், பக்கத்து வீட்டு இராசேஸ்வரி அக்காவும் சேர்ந்து தாமான் முழுவதற்கும் கேக் சுட ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு பேரும் உயிருக்குயிரான சிநேகிதிகள். அதனால் அடுப்பு ஒன்று, சத்தம் இரண்டு.

"நல்லம்மா, நான் எங்கதான் உட்கார்றது?"

"மெதுவா பேசுங்க. சத்தம் போட்டா கேக் உட்கார்ந்துடும்."

"கேக்காவது உட்காரட்டுமே!"

அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன். வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிற இடத்தில் ஓர் அறை கட்டுவேன். அது என் அறை. நானும் வீரசிங்கம் அண்ணனும் ஞாயிற்றுக்கிழமையானால் கேரம் ஆடுகிற அறை. ஒரு துளி மாவு உள்ளே வரக்கூடாது!

வீரசிங்கம் அண்ணன்தான் இராசேஸ்வரி அக்காவின் கணவர். முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்து ரிடயர் ஆனவர். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். எனக்கு ஒரே நண்பர், ஒரே ஆலோசகர். இருவரும் கார் நிறுத்தும் இடத்தில்தான் ஆடுவோம். மூன்று மணி ஆனால் மழைச் சாரல் அடித்துப் போர்டு ஊறிவிடும். காயை அடித்தால் நகராது, யோசிக்கும்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் குதித்தார்.

"கட்டும் காணும்! உடனே கட்டும்!"

"நல்லம்மா விடுவாளா அண்ணே? எதுக்கெடுத்தாலும் வேணாம்பாளே."

அண்ணன் சுருட்டைப் பற்றவைத்தார். "நான் ஒரு கொள்கை சொல்லுறன், கேளும். மனிசி வேண்டாம் எண்டு சொன்னா, அது வேணும். வேணும் எண்டு சொன்னா, வேண்டாம். அவ சொல்லுறதுக்கு நேர் எதிராச் செய்யும். இருபத்தஞ்சு வருஷமா எங்கட வீட்டில இதுதான் சட்டம். என்ர பேச்சுக்கு அங்க மறுபேச்சு இல்லை."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு நாள் இந்த ஞானம் பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறதே!

வீட்டுக்குப் போனேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறிவித்தேன். நல்லம்மாள் மாவு சலிப்பதை நிறுத்தவில்லை.

"கட்டுங்க. ஆனா கேரம் ஆடத்தானே? நாலு சுவரு, ஒரு பல்பு போதும். வேற எந்த ஆடம்பரமும் வேணாம், சொல்லிட்டேன்."

வேணாமா? என் காதில் வெற்றி முரசு கொட்டியது.

ரவாங்கிலிருந்து இராமலிங்கம் என்ற கான்ட்ராக்டர் லோரியோடு வந்து இறங்கினான். நல்ல வேலைக்காரன், வாய்தான் அதிகம். அஸ்திவாரம் போட்டு, சுவர் இடுப்பளவு எழுந்ததும் நல்லம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணிக் குழாயெல்லாம் வச்சிடாதீங்க. கேரம் ஆடுறவங்களுக்குத் தண்ணி எதுக்கு?"

"எதுக்கா? கையெல்லாம் பவுடர் ஒட்டுமே, கழுவ வேணாமா? இராமலிங்கம்! போடு குழாயை! சிங்க்கோட போடு!"

"ரெண்டு சிங்க் போட்டுராதீங்க. ஒண்ணே அதிகம்."

"ரெண்டு போடு இராமலிங்கம்! ஆளுக்கு ஒண்ணு!"

"சரிங்கண்ணே," என்றான் இராமலிங்கம். ஏனோ திரும்பி நின்று இருமினான்.

நல்லம்மாள் முகம் வாடி உள்ளே போனாள். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் கொள்கை கொள்கைதான். அன்று சாயங்காலம் வீரசிங்கம் அண்ணன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் சிமெண்டுத் திட்டு விவகாரம்.

"சுவரை ஒட்டி இடுப்பு உசரத்துக்குத் திட்டு கட்டுறது எனக்குப் பிடிக்காது. போர்டை ரெண்டு ஸ்டூல் மேல வச்சு ஆடிக்குங்க."

"ஸ்டூல் ஆடும். திட்டுதான் உறுதி. மூணு பக்கமும் கட்டு இராமலிங்கம்!"

"இடுப்பு உசரம்னா நின்னுக்கிட்டுத்தான் ஆடணும் அண்ணே," என்றான் இராமலிங்கம்.

"நின்னு ஆடினா உடம்புக்கு நல்லது!"

உட்கார இடம் கேட்டுத்தான் இந்த அறையையே ஆரம்பித்தேன் என்பது எனக்கு அப்போது சுத்தமாக மறந்துபோயிருந்தது. வேகம் அப்படி. பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற என் ஆபீசுக்கு மூன்று நாள் லீவு போட்டேன். மழையில் நனைந்தபடி சிமெண்டு மூட்டைக்கு மேல் என் சொந்தக் குடையைப் பிடித்தேன். ராத்திரியில் தூக்கம் வரவில்லை, விடிந்தால் எதை எதிர்க்கலாம் என்ற உற்சாகம்தான்.

அவளும் சளைக்கவில்லை. தினமும் ஒரு வேணாம்.

"சுவத்துல வெள்ளை டைல்ஸ் ஒட்டிடாதீங்க. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

தோள் உயரத்துக்கு ஒட்டினேன்.

"பெரிய பிளக் வேணாம். ரேடியோவுக்குச் சின்னதே போதும்."

பெரியதாகவே போட்டேன். ஒன்றல்ல, இரண்டு.

"புகை வெளிய தள்ளுற ஃபேனெல்லாம் காசுக்குக் கேடு."

"அண்ணன் சுருட்டுப் புகை எங்கடி போகும்? போடு ஃபேனை!"

"அலமாரி மட்டும் அடிக்கவே கூடாது. தட்டு தட்டா, டப்பா வைக்கிற மாதிரி. பார்க்கவே அசிங்கம்."

கூரை வரைக்கும் அடித்தேன். கேரம் காய் வைக்க இருபத்து நான்கு தட்டு. காய் இருப்பது பத்தொன்பது. அதனால் என்ன?

இராமலிங்கம் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, இது கேரம் ரூம்தானே?"

"ஏன்? பார்த்தா எப்படித் தெரியுது?"

"இல்ல, சும்மா கேட்டேன் லா."

திட்டின் நடுவில் இரண்டரை அடிக்கு ஒரு பள்ளம் விட்டிருந்தான். இது எதற்கு என்றேன். காய் உருண்டு கீழே விழாமல் இருக்க என்றான். பள்ளத்தின் அடியில் ஒரு துளை. அது காற்றுக்கு என்றான். தொழில் தெரிந்தவன் என்று மெச்சினேன்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்க, அறை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, போர்டைத் துடைத்து, பவுடர் டின்னோடு நான் நுழையப் போனேன். நல்லம்மாள் வாசலில் நின்றாள்.

"பாருங்க, இதுக்குப் போய்ப் பால் காய்ச்சுறேன்னு ஆரம்பிச்சிடாதீங்க. ஒரு பின்கட்டு ரூமுக்கு அதெல்லாம் வேணாம்."

எனக்கு வந்ததே கோபம்!

"பால் காய்ச்சாம புது அறையில காலடி வைக்கிறதா? குடும்பம் விளங்குமா? உங்க அப்பா இதைக் கேட்டா என்ன நினைப்பாரு? இன்னைக்கே காய்ச்சணும். நல்ல நேரத்துல காய்ச்சணும். கிழக்கு பார்த்துக் காய்ச்சணும்!"

"அடுப்பை யாரு தூக்குறது? எனக்கு முதுகு வலி."

"நான் தூக்குறேன்!"

தூக்கினேன். எங்கள் சின்னஞ்சிறு சமையலறையிலிருந்த இரட்டை அடுப்பை நான் ஒருவனே சுமந்து வந்தேன். வீரசிங்கம் அண்ணன் கேஸ் சிலிண்டர் தோங்கை உருட்டிக்கொண்டு வந்தார். அடுப்பைத் திட்டின் நடுவில் இருந்த அந்தப் பள்ளத்தில் இறக்கினேன். சரக் என்று உட்கார்ந்தது. கேஸ் தோங் திட்டுக்கடியில் போய் நின்றது. அதன் ரப்பர் குழாய் அந்தத் துளை வழியாக நேராக வந்து அடுப்பில் சேர்ந்தது. இராசேஸ்வரி அக்கா குத்துவிளக்கை ஏற்றினார். நல்லம்மாள் புதுச் சட்டியில் பாலை ஊற்றினாள். நாங்கள் எல்லாரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பால் பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தாறு வயதில் எனக்கென்று ஓர் அறை!

அப்போதுதான் கணக்கு வாங்கிப் போக வந்திருந்த இராமலிங்கம் பெருமையாக வாயைத் திறந்தான்.

"பார்த்தீங்களா அண்ணே! அடுப்பு எங்கயாச்சும் இடிச்சுதா?"

"அதானே! எப்படிய்யா இவ்வளவு சரியா இருக்கு?"

"அக்கா கொடுத்த அளவாச்சே. தப்புமா?"

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"எந்த அக்கா? எப்ப கொடுத்தா?"

"நம்ம அக்காதான். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாளே ஒரு பேப்பர்ல எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டாங்க. டைல்ஸ் கலர் வரைக்கும். 'அண்ணன் ஒண்ணொண்ணா வந்து கேட்பாரு, கேட்கிறப்ப போடு'ன்னாங்க. நீங்களும் வரிசை மாறாம கேட்டீங்க லா!"

சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து நீட்டினான். நல்லம்மாளின் கையெழுத்து. குழாய், சிங்க் இரண்டு, திட்டு, டைல்ஸ், பிளக், ஃபேன், அலமாரி. கடைசியில் 'பால்' என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தாள்.

"நல்லம்மா! என் கொள்கை உனக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொன்னது இராசேஸ்வரி அக்கா. "தம்பி, அது உம்மட கொள்கையே இல்லையே. இவர்ட கொள்கை. அதை வச்சுத்தானே இருபத்தஞ்சு வருஷமா நான் குடும்பம் நடத்துறன், நல்லம்மாவுக்கும் சொல்லிக் குடுத்தன். ஃபிரிட்ஜ் வேண்டாம் எண்டன், வாங்கித் தந்தார். தையல் மெஷின் வேண்டவே வேண்டாம் எண்டன், அடுத்த நாளே வந்துது. அட்டியல் வேண்டாம் எண்டு அழுதும் பார்த்தன்."

வீரசிங்கம் அண்ணன் வாயிலிருந்து சுருட்டு நழுவியது.

"அட்டியலுமோ?"

"ஓம்."

அண்ணன் மெதுவாகத் திட்டைப் பிடித்துக்கொண்டார். உட்கார அங்கே ஒன்றும் இல்லை.

நல்லம்மாள் என் அருகில் வந்தாள். முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். ஹாலில் இடிபட்டு இடிபட்டு ஓவன் சுட்ட தழும்பு, நாலைந்து.

"ரெண்டு வருஷமா நானும் அக்காவும் தரையில உட்கார்ந்து மாவு பிசையறோம். ஒரு பெரிய கிச்சன் கட்டிக் கொடுங்கன்னு கேட்டிருந்தா கட்டியிருப்பீங்களா?"

கட்டியிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தழும்பைப் பார்த்தபோது மனசு சங்கடப்பட்டது உண்மைதான். ஆனால் கான்ட்ராக்டர் முன்னால் ஓர் ஆண்பிள்ளை இப்படியா தோற்பது? பக்கத்தில் சிநேகிதர் வேறு. எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும் என்று மூளையைக் கசக்கினேன். கிடைத்துவிட்டது! அவள் வித்தை பலித்ததே நான் எதிராகச் செய்ததால்தானே? இனி எதிராகச் செய்யாவிட்டால்?

மார்பைத் தட்டிக்கொண்டு கத்தினேன்.

"ஏமாந்தது போதும்! இன்னையிலேர்ந்து எதிர்த்தே செய்யமாட்டேன். நீ என்ன சொன்னாலும் அப்படியே அட்சரம் பிசகாம செய்யப்போறேன். அப்ப என்ன பண்ணுவே? உன் ஜம்பம் எப்படிப் பலிக்கும், பார்த்துடறேன்!"

"சபாஷ் காணும்!" என்று வீரசிங்கம் அண்ணன் துள்ளினார். "நானும் அப்பிடித்தான்! இண்டையிலயிருந்து நானும்!"

நல்லம்மாளும் இராசேஸ்வரி அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சத்தியமாவா?" என்றாள் நல்லம்மாள்.

"பால் பொங்கின அடுப்பு முன்னால நின்னு சொல்றேன். சத்தியம்!"

"அப்படின்னா சரி. ஹால்ல இருக்கிற ஓவனைத் தூக்கிட்டு வந்து அந்த மூலைத் திட்டுல வைங்க. அந்தப் போர்டைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில போடுங்க. அப்புறம் ரெண்டு பேரும் கையை நல்லா கழுவிட்டு வாங்க. அறுபது கேக்குக்கு ஆர்டர் இருக்கு."

தீபாவளி வரைக்கும் அந்த ஐந்து நாளும் நானும் வீரசிங்கம் அண்ணனும் என் கேரம் அறையை விட்டு நகரவில்லை. முட்டை அடித்துக்கொண்டிருந்தோம்.