எதிர்ப்புசக்தியார்

உலகத்தில் நோயாளிகள் உண்டு, வைத்தியர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், இருவருக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும் மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டில் அதற்கு எதிர்ப்புசக்தியார் என்று பெயர். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கூடப்பிறந்த தம்பிதான்.

நலம் விசாரிக்க வருவார். விசாரிப்பது அரை நிமிடம். பிறகு இரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "அக்குபஞ்சர் போட்டுக்கிட்டீங்களா?" என்பார். சர்க்கரையா, சிறுநீரகமா, இருபது வருஷத்து ஆஸ்துமாவா, எதுவானாலும் அதே கேள்வி. ஊசி குத்தினால் எதிர்ப்பு சக்தி ஏறுமாம், ஏறினால் எந்த வியாதியும் தலைதெறிக்க ஓடுமாம். தாளில் வெள்ளை அணு கூடியிருந்தால், "பாத்தீங்களா, சக்தி ஏறுது!" குறைந்திருந்தால், "உள்ள இருந்த வீக்கம் வத்துது!" அப்படியே நின்றால், "உடம்பு சமநிலைக்கு வந்துடுச்சு!" இந்த வைத்தியம் தோற்க வழி ஏது? இத்தனைக்கும் இவர் பதிவு அலுவலகக் குமாஸ்தா. ஒரு முத்திரை குறைந்தால் ஆளை மூன்று நடை நடக்க விடுவார். ஊசிக்கு மட்டும் அத்தாட்சி கேட்க மாட்டார்.

என் மனைவி துணி தைப்பவள். அவளுக்கு முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே வெறிபிடித்துத் தன் மூட்டுகளைத் தாக்கும் வியாதி அது. அதை அடக்கத்தான் டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அந்தச் சக்தியை ஏற்றிவிட வந்தார் என் தம்பி!

"அண்ணி, அடக்குற மாத்திரையையும் தின்னுக்கிட்டு, ஏத்துற ஊசியையும் போட்டா எப்படி? மாத்திரையை விடுங்க."

"டாக்டர் திட்டுவாரே, தம்பி."

"கைவலி டாக்டருக்கா, உங்களுக்கா?"

நான் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், மடையன்!

அவள் மாத்திரையை நிறுத்திவிட்டு, தம்பி காட்டிய அக்குபஞ்சர்காரரிடம் போக ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாரம் வலி குறைந்தது உண்மைதான். தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறாவது வாரம் அவள் விரல்கள் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் நுழைய மறுத்தன. பாதி தைத்த பள்ளிச் சீருடைகள் மேஜையிலேயே கிடந்தன. அக்குபஞ்சர்காரர் பதறிப்போனார். "மாத்திரையை நிறுத்தினீங்களா? யாரும்மா சொன்னது? நான் வலிக்குத்தானே குத்துறேன்!" என்றார்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தோம். வீக்கம் வற்றிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவே இல்லை. இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் மெஷின் மேல் துணி போட்டு மூடியிருக்கிறது. தம்பி வந்து பார்த்தார். "அவசரப்பட்டுட்டீங்க அண்ணி. இன்னும் நாலு ஊசி போட்டிருந்தா..." என்றார். அவள் எழுந்து உள்ளே போனாள்.

இதைப் படிக்கும்போதே, "அது அப்படியில்லீங்க, எங்க மாமாவுக்கு..." என்று உங்கள் நாக்கு துருதுருத்ததா? நல்லது. நேரே அந்த மாமாவிடம் போங்கள். எந்த மாத்திரையை நிறுத்தினார், யார் பேச்சைக் கேட்டு நிறுத்தினார் என்று கேளுங்கள். அவர் உங்கள் முகத்தையே பார்த்தால், உங்கள் வீட்டு எதிர்ப்புசக்தியார் யார் என்று புரிந்துகொள்ளுங்கள்.