கோட்டை ஏறின பையனுக்குத் துணை எதற்கு

செஞ்சியில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியூர் ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்துவிட்டால் போதும், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கோட்டை ஏறின கதையில் கொண்டுபோய் முடிப்போம். ராஜா கோட்டை உச்சிக்குப் போனேன், மூச்சே வாங்கவில்லை, காலில் செருப்புகூட இல்லை என்று அளந்துவிடுவோம். (பாதியில் உட்கார்ந்து சோடா குடித்ததைச் சொல்லமாட்டோம்.) பொதுவாக இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எனக்குத்தான் இந்த வியாதியால் ஒரு கல்யாண மண்டபமே வேடிக்கை பார்க்க மானம் போனது.

மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம் போட்டிருந்தார்கள். நான் போனது என் அண்ணன் மகன் கபிலனுக்காக. பிறந்ததிலிருந்தே அவனுக்கு மூளை முடக்குவாதம். கையும் காலும் அவன் பேச்சைக் கேட்காது. நாக்கும் மெதுவாகத்தான் கேட்கும். புத்தி மட்டும் எங்கள் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து அவன் ஒருவனுக்கே வந்துவிட்டது.

அண்ணன் லாரி ஓட்டுகிறான். வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அண்ணி விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு வருவார். ஆகவே கபிலனைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போவது, கை கால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பது எல்லாம் சித்தப்பாவாகிய என் பொறுப்பு. அதற்காகவே ஸ்ரீபெரும்புதூரில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். எவ்வளவு காலம் இப்படி ஓட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

ஒருநாள் அண்ணன் போனில் சொன்னான்: "நீ எத்தினி நாளைக்குடா வேலைக்குப் போவாம குந்திக்கினு இருப்ப? பையன ஆஸ்டல்ல சேத்துடலாம். நீ கம்பெனிக்கே போயிடு."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அன்று மதியம் கபிலன் சோற்றுக்கு வாயைத் திறக்கவில்லை. நான் என்ன கோமாளித்தனம் செய்தும் திறக்கவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அண்ணி கம்பெனி பஸ்ஸில் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தார். "தம்பி, கூடவே இருந்து பாத்துக்கிறவங்களுக்கும் கவர்மெண்ட்டு மாசாமாசம் குடுக்குதாம். பெத்தவங்களாதான் இருக்கணும்னு இல்லியாம். சொந்தக்காரங்களா இருந்தாலும் எழுதிக் குடுக்கலாமாம்."

அது கிடைத்தால் வீட்டிலிருந்தபடி நான் செய்யும் செல்போன் ரிப்பேரையும் சேர்த்து சமாளித்துவிடலாம். கிடைக்காவிட்டால் கபிலனுக்கு ஆஸ்டல், எனக்கு ஸ்ரீபெரும்புதூர்.

முகாமுக்கு நான் எப்படித் தயாரானேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அதிகாரி முன்னால் போய் நிற்கிறோம், குடும்பம் ஒரு மதிப்பாகத் தெரிய வேண்டாமா என்பது என் கணக்கு. சித்தி மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டியும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். சென்ட் அடித்தேன். கபிலனுக்குப் புதுச் சட்டை. அவன் கேட்டதால் கூலிங் கிளாஸ். அவன் சக்கர நாற்காலியில் ஒரு பக்கம் சரிந்துதான் உட்காருவான். அது பார்க்க நன்றாக இருக்காது என்று, சட்டைக்குள்ளே துண்டைச் சுற்றி நாற்காலியோடு இழுத்துக் கட்டினேன். பையன் பண்ணையார் வீட்டு வாரிசு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இன்னா தம்பி, பொண்ணு பாக்கவா போறோம்?" என்றார் அண்ணி.

"நீங்க சும்மா வாங்கண்ணி," என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் 'முடியாது' என்ற சொல்லுக்கு நான் தடை போட்டிருந்தேன். தெருவில் யாராவது கபிலனைப் பார்த்து உச்சுக் கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடனே அவன் பெருமைகளைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவேன். தெருவுக்கு அது சரி. முகாமுக்கு அது எமன் என்று எனக்கு உறைக்கவில்லை.

மண்டபத்தில் எங்கள் மேஜைக்கு ஒரு மேடம் இருந்தார். வெளியூர்க்காரர். அமைதியான முகம். அண்ணியையும் என்னையும் பார்த்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

"பையன் தானா சாப்பிடுவானா?"

"சூப்பரா சாப்புடுவான் மேடம். பிரியாணின்னா விடமாட்டான்."

"பாத்ரூம்?"

"அதெல்லாம் கரெக்டா போயிடுவான் மேடம்." (யார் தோளில் போவான் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

அண்ணி என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். நான் கவனிக்கிற நிலையில் இல்லை. அந்த மேடம் கபிலனைப் பரிதாபமாகப் பார்க்காமல் மரியாதையாகப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் நான் கிறங்கிப்போனேன்.

"வீல்சேர் இல்லாம நடக்கிறதுக்குச் சிரமப்படுவானா?"

இந்த இடத்தில்தான் வியாதி முற்றியது.

"நடக்கிறதா? ராஜா கோட்டை உச்சிக்கே போய்ட்டு வந்தவன் மேடம் இவன்."

சொன்னதோடு விட்டேனா? போனை எடுத்துப் போட்டோவையும் காட்டினேன். உச்சியில் கோயிலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்தபடி, வெயிலில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான் கபிலன். போட்டோ எடுத்தவன் நான் என்பதால் போட்டோவில் நான் இல்லை.

மேடம் படத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். "போன மாசம் நாங்க ஆபீஸ்ல எல்லாரும் போனோம். நான் பாதியிலயே திரும்பி வந்துட்டேன்," என்றார். பிறகு சாந்தமாகச் சொன்னார்: "கோட்டை ஏறின பையனுக்குக் கூடவே இருந்து பாத்துக்க ஆள் எதுக்குங்க?"

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் உளற ஆரம்பித்தேன். இல்லை மேடம், அது வந்து, நான்தான் எல்லாம் செய்வேன் என்றேன். மேடம் என் பட்டுக்கரையைப் பார்த்தார். கஞ்சி போட்ட சட்டைக் கையை மோந்து பார்க்காத குறையாக சென்ட் வாசனையையும் கவனித்தார். "நீங்களா? குளிப்பாட்டி ஊட்டி விடுறது?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம் அவருக்கு. என்னைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆஸ்டல் வாசலில் கபிலனை விட்டுவிட்டுத் திரும்பி நடக்கும் காட்சி கண்முன் வந்து நின்றது.

அப்போது கபிலன் பேசினான்.

அவன் பேச்சு புதிதாகக் கேட்பவர்களுக்கு விளங்காது. ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து, பாதி எழுத்து தொண்டையிலேயே தங்கிவிடும். மேடம் குனிந்து கேட்டார். புரியவில்லை. அண்ணியிடம், "என்னம்மா சொல்றான்?" என்றார்.

அண்ணிக்கு நேரே இருந்து கேட்டால் பெரும்பாலும் புரியும். அன்று இருந்த படபடப்பில் ஒன்றும் பிடிபடவில்லை. "சித்தப்பா நல்லா பாத்துக்கிறாருன்னு சொல்றான் மேடம்," என்று ஒப்பேற்றினார்.

கபிலன் கூலிங் கிளாஸ் பறந்து விழும் அளவுக்குத் தலையை ஆட்டினான்.

"அப்படிச் சொல்லல மேடம்," என்றேன் நான்.

"பின்னே?"

"சித்தப்பா பீலா உடுறாருன்னு சொல்றான்."

பக்கத்து மேஜையில் சிரிப்பு கேட்டது. மேடம் சிரிக்கவில்லை. "சரி, அவன் சொல்லச் சொல்ல நீங்க அப்படியே சொல்லுங்க," என்றார்.

இப்படியாக, என் மானத்தை என் வாயாலேயே வாங்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

"கோட்டைக்கு நான் ஏறல. சித்தப்பாதான் ஏறினாரு. நான் முதுகுல குந்திக்கினு இருந்தேன்னு சொல்றான் மேடம்."

"ம்."

"வழியெல்லாம் ஐயோ அம்மான்னு கத்தினேனாம். ஒரு குரங்கு பிஸ்கட்டப் புடுங்க வந்துச்சு, நான் பயந்துபோயி அவனையும் தூக்கிக்கினு ஓடினேனாம்."

"ஓடினீங்களா?"

"ஓடினேன் மேடம்."

மண்டபத்தில் இருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார்கள். கபிலனுக்குக் கூட்டம் சேரச் சேர உற்சாகம்.

"சோறு என்னால சாப்புட முடியாது, சித்தப்பாதான் ஊட்டுவாரு. போன் பாத்துக்கினே ஊட்டுவாரு, சில நேரம் மூக்குல போவும்னு சொல்றான். குளிக்க முடியாது. பொரண்டு படுக்க முடியாது. கூப்புட்டா சித்தப்பா எழுந்து பொரட்டிப் போடுவாரு. திட்டிக்கினே போடுவாரு."

நான் வீட்டில் தடை போட்டிருந்த சொல்லை அவன் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனான். அவனுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. கூச்சமெல்லாம் எனக்குத்தான் இருந்திருக்கிறது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

கடைசியாக ஒன்று சொன்னான். நான் தயங்கினேன்.

"என்ன சொல்றான்?"

"துண்ட அவுத்து உடு, மூச்சு முட்டுதுன்னு சொல்றான் மேடம்."

சட்டையைத் தூக்கித் துண்டை அவிழ்த்தேன். கபிலன் வழக்கம்போல் வலது பக்கம் சாய்ந்தான். அவன் சாய்வதற்கு முன்பே என் கை அங்கே போய்த் தாங்கிக்கொண்டது. இன்னொரு கை அவன் வாயோரம் வழிந்ததைப் பட்டுக்கரை வேட்டி நுனியாலேயே துடைத்தது. நான் யோசித்துச் செய்ததில்லை, தினமும் செய்வதுதான்.

மேடம் என் கைகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உங்களத் திட்டினதைக்கூட மாத்தாம சொல்றீங்களே?"

"மாத்தினா தலைய ஆட்டிக் காட்டிக் குடுத்துடுவான் மேடம்."

அப்போதுதான் அவர் சிரித்தார். "இவ்வளவு பேர் இருக்கோம், யாருக்கும் ஒரு வார்த்தை புரியல. உங்களுக்கு எல்லாமே புரியுது. யார் பாத்துக்கிறாங்கன்னு இதுக்கு மேல யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்," என்று பேனாவைத் திறந்தார். டாக்டரும் கபிலனைப் பரிசோதித்துவிட்டு, முழுநேரமும் ஆள் வேண்டும் என்று எழுதினார். பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் ஏறியது. உறவு: சித்தப்பா.

வெளியே வந்ததும் அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கொரங்கு கதைய எங்கிட்ட சொல்லவே இல்லியே தம்பி," என்றார். நாங்கள் அன்று பிரியாணி சாப்பிட்டோம். கபிலன் மூக்கில் போகாமல் ஊட்டினேன். ஆஸ்டல் பேச்சு அதோடு ஒழிந்தது.

அன்றிலிருந்து கபிலன் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். காலையில் நான் எழுந்திருக்க நேரமானால், "கவர்மெண்ட்டு ஆளு, டைமுக்கு வரணும்" என்று குரல் கொடுப்பான்.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பார்க்க மேல்மலையனூர் பக்கம் போனோம். கபிலனும் வந்தான், அவனை விட்டுவிட்டு நான் எங்கே போவது? பெண்ணின் அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள இன்னா வேலையில இருக்காரு?"

அண்ணன் செருமினான். அண்ணி காராபூந்தித் தட்டைப் பார்த்தார். கபிலன் சபைக்கு நடுவே இழுத்து இழுத்துப் பதில் சொன்னான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அதை எப்படி வாய் திறந்து சொல்வது என்று தெரியவில்லை.

உள் வாசற்படியில் நின்றிருந்த பெண் சிரித்துவிட்டாள்.

"இன்னாம்மா சிரிக்கிற?" என்றார் அவள் அப்பா.

"கவர்மெண்ட்டு வேலையாம்ப்பா," என்றாள் மஞ்சுளா. பால்வாடியில் டீச்சர். கபிலன் சொன்னதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

கபிலன் என் பக்கம் திரும்பி, இவங்களே போதும் சித்தப்பா என்றான். அதையும் அவளே கேட்டுக்கொண்டாள்.

இன்றைக்கும் விசேஷ வீடுகளில் புதிதாகப் பார்க்கும் யாராவது மாமனாரிடம், மருமகனுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால், அவர் கம்பீரமாக "கவர்மெண்ட்டு" என்கிறார். எந்த டிபார்ட்மெண்ட்டு என்று விடாமல் கேட்பவர்களுக்கு மஞ்சுளா பதில் சொல்கிறாள்:

"கபிலன் டிபார்ட்மெண்ட்டு. பர்மனெண்ட்டு."