வாங்குபவர் எண் ஒன்று

பெண்டாட்டி எம்.பி.ஏ. படிக்கலாம், பட்டம் வாங்கலாம், சுவரில் மாட்டலாம். சென்னைக்கு வேலைக்கு மட்டும் போகக் கூடாது. இது என் கடைசி விலை. கங்காதரன் கடைசி விலை சொன்னால் பழவேற்காடு படகுத்துறையில் மறுபேச்சு கிடையாது.

நான் ஆறாவதோடு பள்ளியை விட்டவன். நண்டுக் கூடை தூக்கினேன், ஏச்சு வாங்கினேன், ஏமாந்தேன், அப்புறம் ஏமாற்றினேன், வியாபாரி ஆனேன். பானுப்ரியாவோ இரண்டு வருஷமாகப் பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில், சென்னையில் காலேஜ். படிப்பு பாதி வியாபாரமாம், பாதி கம்ப்யூட்டராம். நண்டு உடம்புக்கு இறால் தலை வைத்த மாதிரி. அதையும் நம்பி ஒரு கம்பெனி வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டது.

"இன்னாங்க, கடைசி பிராஜெக்ட் ஒண்ணு பண்ணணும். நீங்க எப்படி பேரம் பேசுறீங்கன்னு சொல்லுங்களேன்."

சொன்னேனா? ஒரு வாரம் பாடமே எடுத்தேன். உண்மையான காலேஜ் வீட்டிலேயே இருக்கிறது என்று தெரிந்தால் சென்னை ஆசை ஓடிப்போகாதா?

"மொதல்ல நண்டு வயித்த அமுக்கணும். கல்லு மாதிரி இருந்தாலும், 'சதையே இல்ல, தண்ணி நண்டு'ன்னு மூஞ்சிய சுளிக்கணும்."

"அப்புறம்?"

"வராத போன காதுல வெச்சு, 'இன்னாது, சென்னைல ரேட்டு விழுந்துடுச்சா?'ன்னு கத்தணும்."

"அதுக்கும் மசியலன்னா?"

"கூடைய வுட்டுட்டு நடந்துடணும். ஏழு அடி. அதுக்குள்ள அவனே கூப்புடுவான். கூப்புடலன்னா, போனாப் போவுதுன்னு நாமளே திரும்பிடணும்."

எழுதிக்கொண்டாள். கண்ணில் பக்தி தெரிந்தது. பக்தி என்றுதான் நினைத்தேன், மடையன்.

அடுத்த திங்கட்கிழமை காலை. நண்டு பிடிக்கும் துளசிங்கம் தன் படகிலிருந்து கூடையை இறக்கினான். நான் ஒரு நண்டின் வயிற்றை அமுக்கினேன்.

"தண்ணி நண்டு."

துளசிங்கம் தன் போனைப் பார்த்தான். "மொத கட்டம் முடிஞ்சுது. அடுத்து உனுக்கு போன் வரணும்ணா."

பழக்கதோஷத்தில் போன் காதுக்குப் போய்விட்டது. "இன்னாது, சென்னைல..."

"மணியே அடிக்கலியேண்ணா!"

துறையே சிரித்தது. கோபத்தில் திரும்பி நடந்தேன். பின்னாலேயே பத்துப் பேர் கூட்டாக எண்ணினார்கள். "அஞ்சு... ஆறு... ஏழு! திரும்புவாரு பாரு!"

மானமுள்ளவன் திரும்புவானா? எட்டாவது அடியும் வைத்தேன். டீக்கடை வரைக்கும் வைத்தேன். அதற்குள் வேறொரு வியாபாரி கூடையோடு கிளம்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "இன்னாடி பண்ணி வெச்சிருக்க?"

"ஒரு ஆப். சும்மா சோதனைக்கு துறைக்காரங்க போன்ல போட்டுக் குடுத்தேன். அன்னன்னிக்கு சென்னை ரேட்டு இருக்கும். வியாபாரி இன்னா சொன்னா இன்னா அர்த்தம்னும் இருக்கும்."

"என் மானத்த ஏலம் வுட்டுட்டியே!"

"உங்க பேரையே போடலியே. 'வாங்குபவர் எண் ஒன்று'ன்னுதான் போட்டிருக்கேன். ஆராய்ச்சில பேர வெளிய சொல்லக் கூடாது."

"அந்த ஒண்ணு யாருன்னு ஏரில இருக்கற கொக்குக்குக்கூட தெரியும்டி!"

நான்கு நாள் துறையில் எவனும் எனக்கு ஒரு நண்டுகூடக் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. வாடிக்கையாக வாங்கும் ஓட்டல்காரர், வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டார். பெண்டாட்டியிடமே பேரத்துக்கு இறங்கினேன்.

"அந்த ஆப்ப மூடிடு. பட்டுப்புடவை வாங்கித் தரேன்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு."

அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். வாய் திறக்கிறவனைத்தான் எனக்கு மடக்கத் தெரியும்.

"சரி, சென்னை வேலை. ஒரு மாசம் போய்ப் பாரு."

குழாயை மூடினாள்.

"ஆறு மாசம்... ஒரு வருஷம்... அட, எத்தினி வருஷமோ போ! ஆஸ்டல்லயே தங்கிக்கோ!"

கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பாக்கத்தில் இருக்கும் தன் அப்பாவுக்கு போன் போட்டாள். "நைனா, இவுரு உங்ககிட்ட இன்னாவோ சொல்லணுமாம்."

சென்னை வேலைக்குச் சம்மதம் என்று சொன்னேன். பாவி மனுஷன், இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அங்கே அழுதார்கள், சிரித்தார்கள், எனக்கு ஆசீர்வாதம்கூடப் பண்ணினார்கள்.

போனைக் கீழே வைத்தேன். "உங்க நைனா சாட்சியா வாக்கு குடுத்துட்டேன். இப்ப நீ அத மூடு."

"மூட இன்னாங்க இருக்கு?" என்றாள் பானு. "காலேஜ் கம்ப்யூட்டர்ல மாணவர்களுக்கு குடுக்கற இலவச இடத்துலதான் ஆப்ப வெச்சிருந்தேன். நேத்து மத்தியானம் கெடு முடிஞ்சு, அதுவே மூடிக்கிச்சே."