கை நனைத்த வீட்டை ஜெயிக்காதவர்

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பேனா பிடிப்பதைவிட டேனரியில் தோலின் ஓரம் வெட்டுவதுதான் எனக்குப் பழக்கம். எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் டிரம் மாமாவைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை.

வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை அவரைப் போல ரகசியம் காக்கத் தெரியாத மனிதர் கிடையாது. தோல் ஊறிச் சுழலும் பெரிய மர டிரம்களுக்குப் பக்கத்திலேயே ஆயுசு முழுக்க நின்று காது மந்தமாகிவிட்டது. அவர் காதோடு காதாகச் சொன்னால் ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் மேனேஜர் தலையில் இருப்பது விக் என்பது அவர் வீட்டம்மாவுக்கே மாமா மூலமாகத்தான் தெரிந்ததாம்.

ஞாயிறு மதியம் சைக்கிள் கொட்டகையில் மாமாவும் நானும் செக்யூரிட்டி தேவராஜும் மூணு சீட்டு ஆடுவோம். காசு கிடையாது, ஒடுகத்தூர் வேர்க்கடலைதான் பந்தயம். சீட்டு நன்றாக வந்தவர் கடலையை ஏற்றிக்கொண்டே போகலாம். பயந்தவர் கவிழ்த்துவிடலாம். கடைசியில் யாரிடம் கடலை குறைவோ அவர் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்க வேண்டும்.

மாமாவுக்கு ஒரு சட்டம் உண்டு. கை நனைத்த வீட்டுக்காரனை ஆட்டத்தில் அடிக்க மாட்டார். தேவராஜ் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணியிலிருந்து என் மகள் காதுகுத்து வரை அவர் சாப்பிடாத விசேஷம் இல்லை. அதனால் நான் ஏற்றினால் என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கத்துவார்.

"எங்கிட்ட மூணு ராஜாடா. உன் வூட்டுக் கொழம்பு இன்னும் கையில மணக்குது. நீயே எடுத்துக்க."

பார்த்துப் பார்த்து அந்தப் பழக்கம் எனக்கும் தேவராஜுக்கும் தொற்றிக்கொண்டது.

தினகரன் காவேரிப்பாக்கத்திலிருந்து எங்கள் லேபுக்கு வேலைக்கு வந்தவன். தனி அறை, மெஸ் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பேச ஆளில்லாமல் எங்களோடு வந்து உட்கார்ந்தான். அவன் அறையில் யார் போய்க் கை நனைப்பது? வாராவாரம் மூன்று பேரும் அவனை மட்டுமே அடித்தோம். வாராவாரம் போண்டா செலவு அவனுடையதுதான்.

ஒரு ஞாயிறு சீட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"நீங்க மூணு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏத்த மாட்டீங்க. என்னைக் கண்டா மட்டும் ஏத்துவீங்க. இதுக்குப் பேரு இன்னா மாமா? கூட்டு சேந்து ஆடுறதுதானே?"

"கூட்டா? நானா? நான் எல்லாத்தையும் சத்தமாத்தானே சொல்றேன்?"

"அதான் பேஜாரு. நான் ஒருத்தன்தான் வெளி ஆளுன்னு ஊருக்கே கேக்குது."

மாமா அன்று போண்டாவைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அவன் அறைக் கதவைத் தட்டி, "சோறு போடுறா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அவன் பதறிப்போய் இருந்ததை வைத்துத் தக்காளி சாதம் செய்து போட்டான்.

மதியம் ஆட்டம் தொடங்கியது. தினகரன் ஏற்றினான், மாமா கவிழ்த்தார். மாமா ஏற்றினார், நாங்கள் கவிழ்த்தோம். யார் ஏற்றினாலும் மற்றவர்கள் கவிழ்த்தார்கள். கடலை எந்தப் பக்கமும் சேரவில்லை. தேவராஜ் தன் பந்தயத்தை உரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, விட்டுக் குடுங்கன்னு நான் கேக்கல. எல்லாரையும் ஒரே மாதிரி அடிங்கன்னுதான் சொன்னேன்" என்றான் தினகரன்.

மாமா தலையாட்டினார். அடுத்த சீட்டைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு ஏற்றினார். தினகரனும் விடாமல் ஏற்றினான். விரித்தபோது மாமாவிடம் மூன்று ஏஸ். கடலை முழுக்க அவருடையது.  அதை இரண்டு கையாலும் தினகரன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து செருப்பை மாட்டினார்.

"காலைல துன்னுட்டு மத்தியானம் அடிக்கிறது எனக்கு வராதுப்பா. நீங்க ஆடுங்க."

அவர் அதற்குப் பிறகு ஆட வரவில்லை. அவர் இல்லாமல் நாங்களும் சீட்டைத் தொடவில்லை. அந்தக் கட்டு இன்னும் செக்யூரிட்டி அறை ஜன்னலில் கிடக்கிறது. தினகரன் கேட்டதில் தப்பில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அவனே பலமுறை சொல்லிவிட்டான்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, வேலைக்கு நடுவில் தினகரன் என்னிடம் வந்து ஒன்று சொன்னான். அவசரத்தில் அந்தச் சாதத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டானாம். மாமா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.