எஸ்தர் அக்காவின் வாத்து முட்டைகளும் என் மில் காற்றும்

ஒரு வேலை நன்றாகத் தெரிந்தவன்தான் இன்னொரு வேலையைக் கெடுப்பான். ஒன்றும் தெரியாதவன் பயந்து ஒதுங்கி நிற்பான். நான் ஒதுங்கவில்லை. அதனால்தான் வாத்துக்குஞ்சைத் தண்ணீரில் மூழ்கடித்தவன் என்ற பெயர் எனக்கு வந்தது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில், கோலி என்று அங்கே சொல்லும் ஒற்றை அறை வீடு ஒன்றில் நானும் என் மனைவி ஞானமும் குடியிருந்தோம். எனக்குப் பரேல் பக்கம் ஒரு துணி மில்லில் வேலை. நெசவு ஷெட்டில் காற்றை ஈரமாக வைத்திருக்கும் பிரிவு. காற்று காய்ந்தால் தறியில் நூல் அறுந்துகொண்டே இருக்கும்; அதனால் கூரையிலிருந்து தண்ணீரைப் புகைபோலத் தூவுவோம். ஈரத்தைப் பார்க்கச் சுவரில் இரட்டைத் தெர்மாமீட்டர் தொங்கும். ஒன்று சும்மா இருக்கும். மற்றதன் குமிழில் நனைந்த துணி சுற்றியிருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் காற்றில் ஈரம் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். இதைப் படிக்கக் கற்றுக்கொண்ட மறுநாளிலிருந்து என்னைப் பிடிக்க முடியவில்லை. (கூட்டிப் பெருக்குகிறவரைவிட எனக்கு ஒன்றும் பெரிய மரியாதை கிடையாது. நானாக எடுத்துக்கொண்டதுதான்.)

எங்களுக்கு இரண்டு கோலி தள்ளி எஸ்தர் அக்கா. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். சதுப்பு ஓரமாக வேலி கட்டி வாத்து வளர்த்து, முட்டை விற்றுப் பிழைத்தாள். அந்த வருஷம் மழை தொடங்கியபோது தெருநாய்கள் வேலிக்குள் புகுந்து ஒரு வாத்து விடாமல் குதறிப்போட்டன. மிஞ்சியது கூடையில் சேர்த்து வைத்திருந்த முட்டைகள் மட்டும். அவற்றை ஒரு கோழிக்கு அடியில் அடை வைக்கப் போனாள். அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.

“கோழியையா நம்புதிய? அது பாதியில எந்திரிச்சுப் போயிரும். எங்கிட்ட குடுங்க. பெட்டி செஞ்சு, பல்பு போட்டு, மில்லுல வைக்க மாதிரி ஈரம் வச்சு, எல்லாத்தையும் பொரிச்சுத் தாரேன்.”

“நெசமாவே வருமா தம்பி? எனக்கு வேற முட்டை கெடையாது.”

“ஈரத்தப் பத்தி இந்தக் கேம்புல என்னைவிட்டா யாருக்குக்கா தெரியும்?”

அவள் கூடையைக் கொடுத்தாள். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கூடையைத் திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றுகிறது.

ஒரு பழைய தேயிலைப் பெட்டி, ஒரு பல்பு, மில்லில் சட்டம் உடைந்து ஒதுக்கிய ஒரு இரட்டைத் தெர்மாமீட்டர். முட்டைகளுக்கு அடியில் தட்டுத் தட்டாகத் தண்ணீர். மூடிமேல் நனைத்த சாக்கு. அதற்கும் மேலே, காலையும் மாலையும் நானே வாயில் தண்ணீர் வைத்துப் புர்ரென்று தூவினேன். வெளியே பம்பாய் மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

ஞானம் சொன்னாள்: “ஏங்க, தீப்பெட்டி நமுத்துப்போய் பத்த மாட்டேங்கு. இதுல முட்டைக்கு வேற தண்ணியா?”

“ஒனக்கு ஈரத்தப் பத்தி என்னட்டி தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. ஒங்க சட்டை மூணு நாளா காயல, அது மட்டும் தெரியும்.”

எனக்கு எதிரி அவள் மட்டுமல்ல. ஒரு எலி. பெட்டியின் கதகதப்புக்கு ஆசைப்பட்டு மூலையில் ஓட்டை போட்டுவிட்டது. ஓட்டை வழியாக ஈரம் போகிறதே என்று நான் கந்தலை அடைப்பேன். அது இழுத்துப் போட்டுவிடும். நான் திட்டிக்கொண்டே திரும்ப அடைப்பேன். அந்த எலியைத் திட்டிய மாதிரி என் வாழ்க்கையில் எந்த மேஸ்திரியையும் திட்டியதில்லை.

மூன்று வாரம் போல ஆனபோது எஸ்தர் அக்கா வந்து பார்த்தாள். ஒரு முட்டையை எடுத்துக் கையில் உருட்டினாள்.

“தம்பி, அடையில இருந்தா முட்டை கனம் கொறையும்லா? இது வச்ச அன்னைக்கு மாதிரியே கனக்கே?”

“கனமா இருந்தா குஞ்சு கொழுத்துருக்குன்னு அர்த்தம்க்கா.”

எப்படி வந்தது அந்தப் பதில்? யோசித்துச் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது. அக்கா என் தெர்மாமீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நம்பிவிட்டுப் போனாள்.

பொரிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோவிலில் ஆராதனை முடிந்து வெள்ளைச் சேலையும் வேட்டியுமாகப் பாதிக் கேம்ப் என் வாசலில் நின்றது. (கூப்பிட்டது நான்தான்.) ஒரு ஓட்டிலும் கீறல் இல்லை. திங்களும் இல்லை, செவ்வாயும் இல்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம், “க்யா மாஸ்டர், வாத்து வந்துச்சா?” என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

புதன்கிழமை காலை குழாயடியில் எல்லார் முன்னாலும் எஸ்தர் அக்கா குடத்தை வைத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்: “தம்பி, பெட்டியில ஏதும் கோளாறா இருக்குமோ?”

“பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. ஒங்க ஆண் வாத்துதான் சொத்தை. கூமுட்டையக் குடுத்துட்டு என் பெட்டியக் கொறை சொல்லுதியளாக்கும்?”

அக்கா நேராக என் கோலிக்குள் போனாள். மடியில் நாலைந்து முட்டையுடன் திரும்பி வந்தாள். குழாய்மேடையின் விளிம்பில் ஒன்றைத் தட்டி உடைத்தாள்.

உள்ளே முழு வாத்துக்குஞ்சு. அலகு, விரல்கள், ஈர மஞ்சள் மயிர், மூடிய கண். அதைச் சுற்றித் தண்ணீர் வடிந்தது. அடுத்ததையும் உடைத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கையில் எடுத்தவள், உடைக்காமல் வைத்துவிட்டாள்.

“ஆண் வாத்து நல்லாத்தான் இருந்துருக்கு தம்பி,” என்றாள். “வாத்தத் தண்ணியில முக்கிக் கொன்ன மொத ஆளு நீதான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவளுடைய சின்னப் பெண் உடைந்த ஓடுகளைப் பாவாடையில் பொறுக்கிக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரணத்தைப் பல வருஷம் கழித்துச் செம்பூரில் கோழி வளர்த்த ஒருவர் சொன்னார். அடையில் இருக்கும் முட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை வெளியே விட வேண்டுமாம். அப்போதுதான் உள்ளே காற்றுக்கு இடம் உண்டாகும். குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் எடுக்கும். நிறைய ஈரம் வேண்டியது கடைசி இரண்டு மூன்று நாளுக்குத்தான். நானோ முதல் நாளிலிருந்தே நெசவு ஷெட்டின் ஈரத்தை ஏற்றித் தறி ஓட்டியிருக்கிறேன்.

அன்றைக்குக் குழாயடியில் நான் அப்படி நிற்கும்போதுதான் கோலிக்குள்ளிருந்து ஞானம் கத்தினாள்: “ஏங்க! எலி ஓட்டைகிட்ட ஒண்ணு கத்துது!”

ஓடினோம். எலி கந்தலை இழுத்துப் போட்டிருந்த மூலையில், அந்த ஓட்டைக்கு எதிரே கிடந்த ஒரே ஒரு முட்டையில் கீறல். சாயங்காலத்துக்குள் ஒரு குஞ்சு வெளியே வந்தது. நான் அடைத்துக்கொண்டே இருந்த ஓட்டை வழியாக அந்த முட்டையின் ஈரம் மட்டும் வெளியேறி, உள்ளே காற்றுக்கு இடம் உண்டாகியிருக்கிறது. ஒரு கேம்புக்கே ஈரத்தைப் பற்றிப் பாடம் சொன்னவனைவிட ஒரு எலி கெட்டிக்காரத்தனமாக வேலை பார்த்திருந்தது.

அதோடு முடிந்ததா? அது கண் திறந்து முதலில் பார்த்தது என் முகத்தை. அன்றிலிருந்து நான்தான் அதற்குத் தாய். குழாயடிக்குப் போனால் பின்னால் வரும். கக்கூஸ் வரிசையில் நின்றால் காலடியில் நிற்கும். மில்லுக்குப் புறப்பட்டால் கத்திக்கொண்டு சந்து முனைவரை ஓடிவரும். “வாத்து அம்மா போகுது!” என்று பிள்ளைகள் கூவும். செய்த தப்பு இரண்டு காலில் நடந்து பின்னால் வந்தால் மனுஷன் எங்கே போய் ஒளிவது?

ஆனால் குஞ்சு எஸ்தர் அக்காவுடையது. அவள் தூக்கிக்கொண்டு போனால் அங்கே நிற்காது. அதனால் தினமும் சாயங்காலம் நானே அவள் வாசலுக்கு நடப்பேன், அது பின்னால் வரும். கூண்டுக்குள் அது தூங்கும்வரை நான் பக்கத்தில் உட்கார வேண்டும். அக்கா ஒரு வார்த்தை பேசமாட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. கத்த மட்டும் தெரிந்த வாய் அது. ஒரு நாள் அவளாகவே டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள்.

“குடி. அது தூங்குற மாதிரி தெரியல.”

குடித்தேன். டம்ளரைக் கழுவி அவள் வாசலில் கவிழ்த்து வைத்தேன்.

அது பெட்டை வாத்து. வளர்ந்து முட்டையிட்டது. அக்கா எங்கிருந்தோ ஒரு ஆண் வாத்தும் கொண்டுவந்து சேர்த்தாள். அடை வைக்கிற நாளில் சின்னப் பெண்ணை எங்கள் கோலிக்கு அனுப்பி, “மாமா மில்லுக்குப் போயாச்சா?” என்று விசாரித்துக்கொண்டுதான் முட்டைகளைக் கோழிக்கு அடியில் வைத்தாளாம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் எதற்காவது யோசனை சொல்லத் தொடங்கினால், மகனுக்குக் கடை பிடிப்பதானாலும் சரி, பேத்திக்கு இருமல் மருந்தானாலும் சரி, அடுப்படியிலிருந்து ஞானத்தின் குரல் வரும்: “எதுக்கும் எலிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பதிலுக்குக் கத்த வாயைத் திறப்பேன். அந்தக் குழாய்மேடையும், உடைக்காமல் வைத்த மூன்றாவது முட்டையும் கண்ணில் வரும். மூடிக்கொள்வேன்.