பாட்டுக் குழுவும் முப்பத்தொரு பிரஷரும்

"நூத்தி அம்பது," என்றார் லோர்னா, ஆர்டிஸின் கையிலிருந்து பிரஷர் பார்க்கும் பட்டையை அவிழ்த்தபடி. "மூணு வாரத்துக்கு முன்னாடி நூத்தி இருபத்தெட்டு."

சொன்னது ஆர்டிஸிடம் அல்ல. காபிக் கோப்பையோடு அந்த மேசையைத் தாண்டி நைசாக நழுவிக்கொண்டிருந்த பிரிட்டாவிடம்.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும், லோர்னா?"

"நீ பண்ணினதுதான். ஆர்டிஸுக்கு மட்டும் இல்ல. முப்பத்தொரு பேர்ல இருபது பேருக்கு ஏறியிருக்கு. உன் பிள்ளைங்க வாசிக்க ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகுது. நான் கணக்கு வாத்தியார் இல்ல, ஆனா ரெண்டையும் ரெண்டையும் கூட்டத் தெரியும்."

வடமேற்கு மினசோட்டாவில், சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்கு நடுவே நிற்கும் அந்த லூத்தரன் கோவிலில், ஆராதனை முடிந்ததும் எல்லாரும் கீழ்த்தளக் கூடத்துக்கு இறங்கிக் காபி குடிப்பார்கள். அங்கே ஒரு மூலையில் லோர்னா கடை விரித்திருப்பார். நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சபைக்கு நர்ஸ். எழுபதைத் தாண்டிய முப்பத்தொரு பேருக்கும் வாரா வாரம் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைப்பார். அந்தச் சபையில் வேதாகமத்துக்கு அடுத்தபடி மரியாதை அந்த நோட்டுக்குத்தான். சில பேர் அதைத்தான் முதலில் வைப்பார்கள்.

பிரிட்டாவுக்கு இருபத்தாறு வயது. சபையின் இளைஞர் தலைவி. ஆர்கன் வாசிக்கும் அம்மாள் பனிக்காலம் வந்தால் முட்டி வலிக்கிறது என்று அரிசோனாவுக்குப் போய்விடுவார், ஈஸ்டருக்குத்தான் திரும்புவார். அதுவரைக்கும் பொத்தானை அமுக்கினால் பாடுகிற ஒரு பெட்டி இருந்தது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் இரண்டு சரணம் கூடுதலாக வாசித்துவிட்டுத்தான் நிற்கும். இந்த வருடம் பிரிட்டா அதை மூட்டைகட்டி வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினொரு பேரைச் சேர்த்துக் கிட்டார், டிரம்ஸ், டிரம்பெட் என்று ஒரு பாட்டுக் குழு அமைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குமுன் கண் திறக்காத பிள்ளைகள், மைனஸ் இருபது குளிரில் எட்டு மணிக்கே வந்து சுருதி சேர்க்கிறார்கள். இதை நிறுத்தினால் அந்தப் பதினொரு பேரையும் இனி கல்யாணத்துக்கோ சாவுக்கோதான் கோவிலில் பார்க்க முடியும். பிரிட்டாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஆர்டிஸ், நீங்களே சொல்லுங்க. பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

எண்பத்தெட்டு வயது ஆர்டிஸ் காபியைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "மோசமில்ல," என்றார்.

இந்த ஊரில் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தாலும் மோசமில்ல, களஞ்சியம் தீப்பிடித்து எரிந்தாலும் மோசமில்ல.

சபைக் குழுவின் தலைவர் டெல்மர் வந்து நின்றார். எழுபத்தாறு வயதுக் கிழங்கு விவசாயி. முகத்தில் எதுவுமே எழுதியிருக்காது.

"பிரிட்டா, நான் பிள்ளைங்களுக்கு எதிரி இல்ல. ஆனா லோர்னா நோட்டு இப்படிச் சொல்லுதே."

"டிரம்ஸ் சத்தத்தைக் குறைச்சுடறேன், டெல்மர். ஒரு வாரம் குடுங்க."

சத்தத்தைக் குறைக்க என்ன வழி என்று தேடியபோது அகப்பட்டது போர்வைகள். சபைப் பெண்கள் செவ்வாய்க்கிழமைதோறும் கூடி, ஏழை நாடுகளுக்கு அனுப்புவதற்காக ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள். அலமாரியில் ஒன்பது போர்வைகள் இருந்தன. பிரிட்டா யாரிடமும் கேட்காமல் ஒன்பதையும் எடுத்து டிரம்ஸைச் சுற்றிக் கட்டினாள். டிரம்ஸ் வாசிக்கும் ஹெய்லி உள்ளே உட்கார்ந்தால் வெளியே உச்சிக் கொண்டை மட்டும் தெரிந்தது.

"எனக்கு மூச்சு முட்டுது," என்றது கொண்டை.

"ஒரு மணி நேரம் பொறுத்துக்க. நம்ம எல்லாருக்கும் முட்டுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிட்டா மேடையிலிருந்து பார்த்து அதிர்ந்துபோனாள். லூத்தரன்கள் முன்வரிசையில் உட்காரவே மாட்டார்கள். கோவில் கட்டிய நாளிலிருந்து முதல் நான்கு வரிசைப் பலகைகளில் பாலிஷ்கூட தேயவில்லை. அன்றைக்கு அந்த நான்கு வரிசையும் நிறைந்திருந்தது. முப்பத்தொரு வெள்ளைத் தலைகள், கையைக் கட்டிக்கொண்டு, கண் இமைக்காமல்.

போர்வையைப் பறிகொடுத்த கோபம் என்று பிரிட்டாவுக்குப் புரிந்தது. காவலுக்கு வந்திருக்கிறார்கள்.

"ஆர்டிஸுக்கு நூத்தி அறுபத்திரண்டு," என்றார் லோர்னா, கீழ்த்தளக் கூடத்தில். "சத்தத்தைக் குறைக்கிறேன்னு சொல்லி அவங்களை டிரம்ஸ் பக்கத்துலயே உக்கார வெச்சுட்ட. கெட்டிக்காரிதான்."

"நானா உக்கார வெச்சேன்? அவங்களா வந்தாங்க."

"எண்பது வருஷமா பின்னாடி உக்காந்தவங்க சும்மா முன்னாடி வருவாங்களா?"

அடுத்த வாரம் பிரிட்டா இசையை விட்டுவிட்டுக் காபியைப் பிடித்தாள். கோவிலில் ஆளுக்கு மூன்று கோப்பை குடிக்கிறார்கள், பிரஷர் ஏறாமல் என்ன செய்யும் என்பது அவள் வாதம். சனிக்கிழமையே வந்து, டப்பாவில் இருந்த காபித்தூளைக் கொட்டிவிட்டு, கஃபீன் நீக்கிய தூளை நிரப்பிவைத்தாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள்.

நான்கு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆர்வில் என்கிற பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மேசைமேல் வைத்தார். அந்தக் கோப்பை வைத்த சத்தத்துக்குக் கூடமே அமைதியாகிவிட்டது.

"யாரு இதைப் பண்ணினது?" என்றார் டெல்மர்.

"உங்க நல்லதுக்குத்தான் பண்ணேன்," என்றாள் பிரிட்டா.

"எங்கப்பா செத்த அன்னைக்குக்கூட இந்தக் கூடத்துல நல்ல காபி இருந்துச்சு, பிரிட்டா."

அன்றைக்கு லோர்னா நோட்டில் பழைய பேனாவை வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். டெல்மருக்கே நூற்று எழுபது. பிரிட்டா தன் பங்குக்குக் கையை நீட்டியிருந்தால் அவளுக்கும் அதே இருந்திருக்கும்.

ஐந்தாவது வாரம் அவளுக்கு ஒரு அருமையான யோசனை தோன்றியது. இதுவரை பாட்டுகள் ஆராதனை முழுக்கச் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் தூக்கிக் கடைசியில் வைத்துவிட்டால்? பிரசங்கம் முடிந்து, காணிக்கை எடுத்து, போதகர் ஆசீர்வாதமும் கொடுத்த பிறகு பிள்ளைகள் நான்கு பாட்டு வாசிப்பார்கள். பிடிக்காதவர்கள் எழுந்து காபிக்குப் போய்விடலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

"நல்ல ஏற்பாடு," என்று டெல்மரே ஒத்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம்.

ஆசீர்வாதம் முடிந்தது. பிரிட்டா கிட்டாரைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் எழுந்து போவதற்காகக் காத்திருந்தாள். யாரும் எழவில்லை. கடைசிப் பாட்டுவரைக்கும் முப்பத்தொரு பேரும் கால் மேல் கால் போட்டு, பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒருவித வேதனையோடு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் ஒரே நேரத்தில் எழுந்து, அந்த வயதுக்குச் சம்பந்தமில்லாத வேகத்தில் வெளியேறினார்கள்.

"பாத்தீங்களா, நாம நிறுத்தினதும் எப்படி ஓடறாங்க," என்றாள் ஹெய்லி, போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி. "இவ்வளவு வெறுக்கறவங்க ஏன் உக்காந்தே இருக்காங்க?"

"மரியாதைக்குத்தான்," என்றாள் பிரிட்டா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை ஆர்வில் வீட்டுச் செருப்போடு கோவிலுக்கு வந்தார். வெளியே முழங்கால் அளவு பனி. கால் வீங்கி ஷூவுக்குள் போகவில்லையாம். இன்னும் நாலைந்து பேருக்கும் கணுக்கால் வீக்கம். ஆராதனை முடிந்து கீழே இறங்கியதும், ஆர்டிஸின் கையில் பட்டையைச் சுற்றிய லோர்னா இரண்டு தடவை பார்த்தார். மூன்றாம் தடவையும் பார்த்தார்.

"நூத்தி எண்பத்தெட்டு," என்றார். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை. "பிரிட்டா, இது விளையாட்டு இல்லம்மா. இவங்கள்ல ஒருத்தர் விழுந்தா ஆம்புலன்ஸ் வரவே நாப்பது நிமிஷம் ஆகும்."

பிரிட்டா ஆர்டிஸைப் பார்த்தாள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் தனக்கு வசனம் சொல்லிக்கொடுத்த முகம். அதற்குமேல் அவளுக்கு வாதாட மனம் வரவில்லை. நாற்காலியில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. இன்னையோட பாட்டுக் குழுவை நிறுத்திக்கறேன். அடுத்த வாரத்துல இருந்து பழையபடி பெட்டியே பாடும். உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் குடுப்போம்னு நான் நினைக்கல. மன்னிச்சிடுங்க."

லோர்னா நோட்டை மூடிவைத்தார்.

டெல்மர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முறைப்படி கேட்டுடறேன். இதுக்கு யாராவது ஆட்சேபணை சொல்றதா இருந்தா கையைத் தூக்கலாம்."

பிரிட்டா ஒவ்வொரு மேசையாகப் பார்த்தாள். ஒரே ஒரு கை போதும் அவளுக்கு. எல்லாரும் தங்கள் தங்கள் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்வில் கையை அசைத்தார், ஆனால் அது சர்க்கரை எடுக்கத்தான்.

"அப்போ முடிஞ்சுது," என்றார் டெல்மர், என்றைக்கும் இல்லாத மெல்லிய குரலில், தன் கோப்பையைப் பார்த்தபடி.

மாடியில் ஹெய்லி டிரம்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டது. மற்ற பத்துப் பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் வருவீர்களா என்று பிரிட்டா அவர்களைக் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி. படிக்கட்டில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். ஆறு வாரம் மனிதர்களைச் சித்திரவதை செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது, தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

ஆர்டிஸ் ஒரு காகிதத் தட்டில் இரண்டு எலுமிச்சை இனிப்புத் துண்டுகளை வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறி வந்தார். தட்டை பிரிட்டாவின் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அழாத கண்ணு, லோர்னாகிட்ட மட்டும் சொல்லிடாத," என்றார் தாழ்ந்த குரலில். "இனிமேலாவது பிரஷருக்குக் குடுத்த எங்க நீர் மாத்திரையைப் போட்டுக்கலாம். அதைப் போட்டா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து ஓடணும், பிள்ளைங்க பாட்டுல பாதி போயிடும்னு ஞாயித்துக்கிழமை நாங்க யாருமே போடறதில்ல. நீ எல்லாத்தையும் கடைசில வெச்சப்புறம் சனிக்கிழமை மாத்திரையையும் நிறுத்திட்டோம், டெல்மர் உள்பட."